பிடிபட்டவன் துரோகியா? யாகோவ் ஜுகாஷ்விலியின் வாழ்வும் சாவும்

1943 ஏப்ரல் 22 அன்று எஸ்.எஸ். படைத் தலைவர் ஹைன்ரிக் ஹிம்லர், ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்புக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பெர்லினுக்கு வடக்கே ஒரானியன்பர்க் நகரை ஒட்டிய சாக்சன்ஹவுசன் வதைமுகாமின் சிறப்புப் பிரிவில் இருந்த ரஷ்யப் போர்க்கைதி ஒருவர், தப்பியோட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது கடிதத்தின் சாரம். இறந்தவர் பெயர் யாகோவ் ஜுகாஷ்விலி. வயது 36. செஞ்சேனையின் பீரங்கிப் பிரிவில் சீனியர் லெப்டினன்ட். ஜோசப் ஸ்டாலினின் மூத்த மகன்.

அந்தச் சாவுக்கு ஒரு முழுக் கோப்பே இருக்கிறது. சுட்ட காவலனின் வாக்குமூலம், மருத்துவ அறிக்கை, மேலிடத்துக்குப் போன கடிதம் என்று காகிதத்துக்குக் குறைவில்லை. இதே முகாமில் 1941 இலையுதிர்காலத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சோவியத் போர்க்கைதிகளை மருத்துவப் பரிசோதனை என்று சொல்லி ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அழைத்தார்கள். உயரம் அளக்கும் கோலில் முதுகைச் சாய்த்து நிற்கவைத்தார்கள். சுவரிலிருந்த துளை வழியாகப் பிடரியில் சுட்டார்கள். சுமார் பத்து வாரத்துக்குள் குறைந்தது 10,000 பேர் இப்படிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் யாருக்காகவும் அமைச்சருக்குக் கடிதம் போகவில்லை. அவர்களில் பெரும்பாலோருடைய வீட்டுக்குக்கூடச் செய்தி போகவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கையில் சிக்கிய சோவியத் வீரர்கள் ஏறத்தாழ 57 லட்சம் பேர். அவர்களில் சுமார் 33 லட்சம் பேர் செத்துப்போனார்கள் என்பது ஜெர்மன் வரலாற்றாசிரியர் கிறிஸ்டியான் ஷ்ட்ரைட்டின் கணக்கு. இந்தப் பெருந்தொகையிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்து அவர் கதையைச் சொல்வது, அவர் யாருக்குப் பிறந்தார் என்பதற்காக அல்ல. பிடித்த அரசும் அனுப்பிய அரசும் சேர்ந்து ஒரு சிப்பாயைக் கைவிட்ட விதத்தைப் படிப்படியாகப் பார்க்கும் அளவுக்கு ஆவணம் மிஞ்சியிருப்பது அவருக்குத்தான். மற்றவர்களைப் பற்றி நாம் ஊகிக்க வேண்டியதை அவர் விஷயத்தில் வாசிக்க முடிகிறது.

ஜார்ஜியாவிலிருந்து வந்த பையன்

யாகோவ் 1907ஆம் ஆண்டு ஜார்ஜியாவின் மலைப்பகுதியான ராச்சாவில், பாஜி என்ற கிராமத்தில் பிறந்தார். தாய் காத்தோ ஸ்வானிட்ஸே, மகன் பிறந்த அதே ஆண்டு நோய்கண்டு இறந்துபோனார். அவருக்கு வயது 22. தந்தை அப்போது தலைமறைவாகத் திரிந்துகொண்டிருந்த புரட்சிக்காரர். கைக்குழந்தையைத் தாய்வீட்டாரிடம் விட்டுவிட்டுப் போனவர் ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டியும் பெரியம்மாவும் சித்தியும்தான் வளர்த்தார்கள்.

14 வயதில், 1921இல், தாய்மாமன் அலெக்சாண்டர் ஸ்வானிட்ஸேயின் வற்புறுத்தலால் மாஸ்கோ வந்தார். பையனுக்கு ஜார்ஜிய மொழி தவிர வேறொன்றும் தெரியாது. ரஷ்ய மொழியை எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கிரெம்ளின் வீட்டில் சிற்றன்னை நதேழ்தா அலிலூயவா இருந்தார். அவருக்கும் யாகோவுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். அந்த வீட்டில் அவரிடம் பரிவு காட்டியவர் சிற்றன்னைதான் என்று தங்கை ஸ்வெத்லானா பிற்காலத்தில் எழுதினார். தந்தைக்கு மகனின் எதுவும் பிடிக்கவில்லை. அவர் மௌனமும் மென்மையும் உட்பட.

காதல் விவகாரம் ஒன்றில் தந்தையோடு மோதல் முற்றியபோது யாகோவ் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். குண்டு உயிர்நிலையைத் தொடாமல் போயிற்று. சரியாகச் சுடக்கூடத் தெரியவில்லை என்று தந்தை ஏளனம் செய்ததாக ஸ்வெத்லானா சொல்வது குடும்ப நினைவு. ஆனால் 1928 ஏப்ரல் 9 அன்று ஸ்டாலின் மனைவிக்கு எழுதிய கடிதம் ஆவணமாகவே இருக்கிறது. யாகோவ் போக்கிரியைப் போலவும் மிரட்டிப் பணியவைப்பவனைப் போலவும் நடந்துகொண்டான், இனி அவனுக்கும் எனக்கும் பொதுவானது ஏதுமில்லை, எங்கே வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் வாழட்டும் என்று அதில் சொல்லியனுப்புகிறார். மகன் லெனின்கிராடுக்குப் போனார். அங்கே பிறந்த பெண்குழந்தை சில மாதங்களில் இறந்தது. காதலும் முறிந்தது.

பிறகு மாஸ்கோவில் போக்குவரத்துப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்று, ஒரு மோட்டார் ஆலையின் மின்நிலையத்தில் வேலை பார்த்தார். ஒடெஸாவைச் சேர்ந்த யூத நடனக்கலைஞர் யூலியா மெல்ட்சரை மணந்துகொண்டார். 1938இல் மகள் கலினா பிறந்தாள். தந்தையின் விருப்பப்படி பீரங்கிப்படைக் கல்லூரியில் சேர்ந்து, 1941 மே மாதம் படிப்பை முடித்தார். அடுத்த மாதம் 22ஆம் தேதி ஜெர்மனி படையெடுத்தது.

ஜூலை 16

தலைவர்களின் பிள்ளைகள் பின்வரிசையில் பதுங்கிய போர் அல்ல அது. மிகயானின் மகன் விளாதிமிர், குருஷேவின் மகன் லியோனித், புரட்சித் தளபதி ஃப்ரூன்ஸேயின் மகன் தீமூர் மூவரும் விமானிகளாகப் போய்த் திரும்பவில்லை. யாகோவ் போர் தொடங்கிய சில நாளிலேயே முனைக்குப் புறப்பட்டார். தந்தையோடு நேரில் சந்திப்பு இல்லை. தொலைபேசியில், போய்ப் போரிடு என்று சொன்னதோடு சரி.

அவர் 14ஆவது டாங்கி டிவிஷனைச் சேர்ந்த 14ஆவது ஹவிட்சர் ரெஜிமென்ட்டில் ஒரு பீரங்கி அணிக்குத் தலைவர். பெலாரூசில் சென்னோ, லெப்பெல் ஊர்களுக்கிடையே ஜூலை 6இல் தொடங்கிய எதிர்த்தாக்குதலில் அந்த டிவிஷன் இறக்கப்பட்டது. மேலே விமானப் பாதுகாப்பு கிடையாது, எரிபொருள் போதாது, உளவுத் தகவல் கிடையாது. சில நாட்களில் நூற்றுக்கணக்கான டாங்கிகள் அழிந்தன. யாகோவின் அணி நன்றாகச் சண்டையிட்டது. ஜூலை 7ஆம் தேதிச் சண்டைக்காக அவர் பெயர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதற்குள் ஜெர்மன் டாங்கிகள் வித்தெப்ஸ்க் நகரைத் தாண்டிவிட்டிருந்தன. படை கலைந்து சிறுசிறு கூட்டங்களாகக் கிழக்கே நடந்தது. உடன் நடந்த ஒரு வீரர் பின்னால் தந்த தகவல் இது: இருவரும் அடையாளத் தாள்களைப் புதைத்தார்கள், உள்ளூர்க்காரர் உடை மாற்றிக்கொண்டார்கள், ஓர் ஏரிக்கரையில் யாகோவ் சற்று இளைப்பாறிவிட்டு வருவதாகச் சொல்லி உட்கார்ந்தார். ரெஜிமென்ட் அனுப்பிய தேடும் குழு அந்த வீரரை மட்டும் கண்டது. ஜூலை 16 அன்று லியோஸ்னோ அருகே யாகோவ் ஜெர்மானியரிடம் சிக்கினார்.

இரண்டு நாள் கழித்து நடந்த விசாரணையின் எழுத்துப்படி கிடைத்திருக்கிறது. பிடித்தவர்கள் தங்கள் தேவைக்காகத் தயாரித்த தாள் என்பதை மறக்காமல்தான் அதைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் ஒரு மனிதர் தெரிகிறார். தன் ஆட்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதை நேரத்தில் உணர்ந்திருந்தால் தன்னைச் சுட்டுக்கொண்டிருப்பேன் என்கிறார். செஞ்சேனையின் தோல்விகளை ஒப்புக்கொள்கிறார், ஆனால் அரசமைப்பை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். மனைவிக்குத் தகவல் சொல்லட்டுமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்கிறார். உயிரோடு இருப்பதற்காகத் தந்தையின் முன் வெட்கப்படுகிறார். பிடிபட்ட இரண்டாம் நாள், பகைவர் நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் மனத்தை அழுத்தியது பகைவர் அல்லர். எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத இடம் இது.

சில வாரங்களில் செஞ்சேனையின் வரிசைகள் மீது விமானத்திலிருந்து துண்டறிக்கைகள் விழுந்தன. அதில் ஜெர்மன் அதிகாரிகள் சூழ நிற்கும் யாகோவின் படம் இருந்தது. இவர் யார் தெரியுமா என்று கேட்டு, ஸ்டாலின் மகனே சரணடைந்துவிட்டார், நீங்கள் ஏன் சாகிறீர்கள் என்றது அறிக்கை. தந்தைக்கு எழுதிய நாலுவரிக் குறிப்பும் அவர் கையெழுத்திலேயே அச்சாகி வந்தது. சிறைப்பட்டிருக்கிறேன், நலமாக இருக்கிறேன், ஜெர்மனியில் அதிகாரிகள் முகாமுக்கு அனுப்பப்போகிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கட்டளை

1941 ஆகஸ்ட் 16 அன்று, யாகோவ் பிடிபட்டுச் சரியாக ஒரு மாதத்தில், சோவியத் தலைமையகம் கட்டளை எண் 270ஐப் பிறப்பித்தது. ஸ்டாலின், மாலட்டவ், புத்யோன்னி, வரஷீலவ், திமஷேன்கோ, ஷாபஷ்னிகவ், ஜூக்கவ் ஆகியோர் கையொப்பமிட்டார்கள். பதவிச் சின்னத்தைக் கிழித்தெறிந்து சரணடையும் தளபதிகளும் அரசியல் அதிகாரிகளும் படையை விட்டு ஓடிய துரோகிகள். அவர்களுடைய குடும்பத்தாரைக் கைதுசெய்ய வேண்டும். முற்றுகையில் அகப்பட்ட படைகள் கடைசிவரை போரிட வேண்டும். சரணடைய முனைபவர்களைத் தரையிலிருந்தும் வானிலிருந்தும் அழிக்க வேண்டும். சரணடைந்த சாதாரண வீரரின் குடும்பத்துக்கு அரசு உதவி நிறுத்தப்படும். அந்நாளில் அது பத்திரிகைகளில் வெளியாகவில்லை. ஆனால் ஒவ்வொரு படைப்பிரிவிலும் வாசித்துக் காட்டப்பட்டது.

கட்டளை மூன்று தளபதிகளைப் பெயர் சொல்லித் துரோகிகள் என்றது: கச்சாலவ், பொனெதேலின், கிரில்லவ். இவர்களில் கச்சாலவ் சரணடையவே இல்லை. கட்டளைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 4 அன்று, முற்றுகையை உடைத்து வெளியேறும் சண்டையில் குண்டடிபட்டு இறந்துபோயிருந்தார். செத்த மனிதரின் மனைவியும் மாமியாரும் துரோகியின் குடும்பம் என்று சிறைக்குப் போனார்கள். ஒரு மனிதர் காணாமல் போனால் அவர் செத்தாரா, காயம்பட்டு விழுந்தாரா, பிடிபட்டாரா என்று விசாரிக்கும் பொறுமைகூட அந்தக் கட்டளைக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சட்டம் ஸ்டாலினின் மகன் குடும்பத்தையும் விடவில்லை. யூலியா மெல்ட்சர் அந்த இலையுதிர்காலத்தில் கைதானார். கணவன் பிடிபட்டதற்கும் அவருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மாமனாரே சந்தேகப்பட்டார். மூன்று வயதுக் கலினாவை ஸ்வெத்லானாவும் தாதியும் பார்த்துக்கொண்டார்கள். யூலியா 1943 வசந்தத்தில்தான் வெளியே வந்தார். யாகோவை மாஸ்கோவுக்கு அழைத்துவந்த தாய்மாமன் அலெக்சாண்டர் ஸ்வானிட்ஸே 1937இலேயே கைதாகியிருந்தார். 1941 ஆகஸ்ட் 20 அன்று சுடப்பட்டார். அவருடைய மனைவி மரியாவும் தங்கை மரீக்கோவும் அடுத்த ஆண்டு மார்ச்சில் சுடப்பட்டார்கள். யாகோவுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருந்ததே, அதை ஜெர்மானியர் அழிக்கவில்லை.

எங்களுக்குப் போர்க்கைதிகள் கிடையாது, துரோகிகள்தான் உண்டு என்று ஸ்டாலின் சொன்னதாக ஒரு வாசகம் உலகெங்கும் உலவுகிறது. அப்படி அவர் சொன்னதற்கு நம்பத்தக்க ஆவணம் இல்லை. அது தேவையும் இல்லை. கட்டளை எண் 270 கையொப்பத்தோடு இருக்கிறது.

பிடித்தவர்களின் கணக்கு

போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஜெர்மனி சேர்ந்திருந்தது. சோவியத் ஒன்றியம் சேரவில்லை. எனவே இவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றது ஜெர்மன் ராணுவத் தலைமை. 1941 ஜூலையில் மாஸ்கோ, பழைய ஹேக் விதிகளை இரு தரப்பும் கடைப்பிடிக்கலாம் என்று சுவீடன் வழியாகச் சொல்லியனுப்பியதை பெர்லின் ஏற்கவில்லை. ஜெர்மன் ராணுவ உளவுத்துறைத் தலைவர் கனாரிஸ் அந்த ஆண்டு செப்டம்பரில் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்: உடன்படிக்கை இல்லாவிட்டாலும், சிறைப்பட்டவனைக் கொல்லக்கூடாது என்பது நாகரிக நாடுகளின் பொதுச் சட்டம் என்றார். இந்த ஐயங்கள் பழைய வீரமரபிலிருந்து பிறப்பவை, இங்கே நடப்பது ஓர் உலகப்பார்வையை அழிக்கும் போர் என்று ராணுவத் தலைமை அதிகாரி கைட்டல் அதன் ஓரத்தில் எழுதிவைத்தார். இதையும் வாசிக்க முடிகிறது, அவர் கையெழுத்திலேயே.

1941இல் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் பிடித்தார்கள். முள்வேலி போட்ட வெட்டவெளியே முகாம். கூரை இல்லாத இடத்தில் மண்ணைத் தோண்டி உள்ளே படுத்தார்கள், புல்லையும் மரப்பட்டையையும் தின்றார்கள், டைபஸ் காய்ச்சல் பரவியது. இலையுதிர்காலத்தில் உணவளவு மேலும் குறைக்கப்பட்டது. நவம்பர் 13 அன்று ஓர்ஷாவில் நடந்த கூட்டத்தில், வேலை செய்யாத கைதிகள் பட்டினியால் சாக வேண்டியவர்கள் என்று ராணுவ வழங்கல் துறைத் தலைவர் எடுவார்ட் வாக்னர் அதிகாரிகளிடம் சொன்னார். 1942 பிப்ரவரிக்குள் சுமார் 20 லட்சம் பேர் இறந்துவிட்டிருந்தார்கள். ஆஷ்விட்சில் சைக்ளான்-பி நச்சுவாயுவை 1941 செப்டம்பரில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது சுமார் 600 சோவியத் கைதிகள் மீதுதான். அதே ஜெர்மனியின் முகாம்களில் இருந்த பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இறக்கவில்லை. சோவியத் கைதிகளில் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல்.

யாகோவ் பட்டினியால் சாகவில்லை. அவர் விலைமதிப்புள்ள சரக்கு. ஒப்புக்கொண்டு வானொலியில் பேசுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் பேசவில்லை. 1942 வசந்தத்தில் பவேரியாவின் ஹாமெல்பர்க் முகாம், பிறகு வடக்கே லூபெக் முகாம் என்று மாற்றினார்கள். லூபெக்கில் போலந்து அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலங்கள் வரும். சோவியத் கைதிகளுக்கு வராது. போலந்துக்காரர்கள் தங்கள் பங்கிலிருந்து யாகோவுக்குக் கொடுத்தார்கள், நட்பு பாராட்டினார்கள். போலந்தின் மீது 1939இல் படையெடுத்த இருவரில் ஒருவரின் மகன் அவர் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தச் சிறைக்கதை முழுவதிலும் யாரும் யாருக்கும் காட்டிய கருணை என்று சொல்லத்தக்கது இந்த ஒன்றுதான்.

ஏப்ரல் 14

சாக்சன்ஹவுசனில் அவரை வைத்த சிறப்புப் பிரிவு, பெரிய முகாமிலிருந்து சுவராலும் மின்கம்பி வேலியாலும் பிரிக்கப்பட்ட சில குடில்கள் கொண்டது. அதே குடிலில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மாலட்டவின் உறவினர் என்று சொல்லிக்கொண்ட வாசிலி கக்கோரினும் நான்கு பிரிட்டிஷ் ராணுவக் கைதிகளும் இருந்தார்கள். வெளியே ஆயிரக்கணக்கானோர் பட்டினியில் கிடக்க, இவர்கள் ஒப்பளவில் வசதியாக இருந்தவர்கள். ஆனால் சிறிய இடத்தில் மாதக்கணக்கில் அடைபட்டவர்களிடையே சச்சரவு ஓயவில்லை. கழிப்பறைத் துப்புரவு, ஜெர்மன் காவலர்களுக்குச் சல்யூட் அடிப்பதா இல்லையா, இன்னும் பலவும். கைகலப்பு வரை போனது. இங்கேயும் அவருக்கு ஒதுங்க இடமில்லாமல் போயிற்று.

1943 ஏப்ரல் 14 இரவு, குடிலுக்குள் போகும்படி சொன்ன காவலரிடம் போக மாட்டேன் என்றார் யாகோவ். முகாம் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். காவலர் தொலைபேசியில் பேசப் போன சற்று நேரத்தில், யாரும் காலெடுத்து வைக்கக் கூடாத பட்டையைத் தாண்டி வேலியை நோக்கிப் போனார். கோபுரத்தருகே காவல் நின்ற கொன்ராட் ஹாஃப்ரிக் நிற்கச் சொல்லிக் கத்தினான். சுடு என்று யாகோவ் திருப்பிக் கத்தினார். மின்சாரம் பாயும் கம்பியைப் பற்றினார். ஹாஃப்ரிக் சுட்டான். குண்டு தலையில் பாய்ந்தது. உயிரை எடுத்தது மின்சாரமா குண்டா என்று மருத்துவ அறிக்கையை வைத்து இன்றும் வாதிடுகிறார்கள்.

ஹிம்லரின் கடிதம் இதைத் தப்பியோடும் முயற்சி என்கிறது. வதைமுகாம்களின் காகிதங்களில் அந்தச் சொற்றொடர் கொலைகளுக்குப் போடும் வழக்கமான முத்திரை. இந்த முறை அது வேறொன்றை மறைத்தது. மின்வேலியைப் பற்றிக்கொண்டு சுடச் சொல்பவர் தப்பிப்பதற்காக ஓடவில்லை.

முந்தைய நாள், ஏப்ரல் 13 அன்று, பெர்லின் வானொலி காத்தின் காட்டில் கண்டெடுக்கப்பட்ட புதைகுழிகளைப் பற்றி அறிவித்திருந்தது. 1940இல் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்று புதைத்த போலந்து அதிகாரிகளின் குழிகள் அவை. போலந்துத் தோழர்களின் ரொட்டியைத் தின்ற மகன் தந்தையின் செயலைக் கேட்டு மனமுடைந்தார் என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது சான்றாகாது. 1928இல் ஒருமுறை, 1941 விசாரணையில் சொல்லால் ஒருமுறை, அவர் இந்த வாசல்வரை வந்தவர்தான். காத்தின் இல்லாமலும் அந்த இரவை விளங்கிக்கொள்ள முடியும்.

மார்ஷலும் லெப்டினன்ட்டும்

யாகோவைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்: ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட பீல்டு மார்ஷல் பவுலுஸைக் கொடுத்தால் மகனைத் தருகிறோம் என்று ஜெர்மனி கேட்டது, லெப்டினன்ட்டுக்காக மார்ஷலைக் கொடுக்க மாட்டேன் என்று ஸ்டாலின் மறுத்தார். அப்படியொரு பேரம் அதிகாரபூர்வமாக வந்ததைக் காட்டும் தாள் ஏதும் வெளிவரவில்லை. அந்த வசனத்தை மக்கள் மனத்தில் பதித்தது யூரி ஓசெரவ் இயக்கிய 'விடுதலை' திரைப்படம். இருப்பது ஸ்வெத்லானாவின் சாட்சி. ஸ்டாலின்கிராடுக்குப் பிந்தைய குளிர்காலத்தில், யாகோவை மாற்றிக்கொள்ள ஜெர்மானியர் கேட்டார்கள், நான் பேரம் பேசப்போவதில்லை, போர் என்றால் போர்தான் என்று தந்தை தன்னிடம் சொன்னதாக எழுதுகிறார். அவர் குறிப்பிடும் காலம் 1943–44. அப்போது யாகோவ் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஸ்வெத்லானா இதை எழுதிய நூலுக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. ஸ்வெத்லானா தன் இந்தியத் துணைவர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு 1966 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் காலாகங்கருக்கு வந்தார். 1967 மார்ச் 6 அன்று டெல்லி அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் கேட்டார். அவருடைய கையெழுத்துப்படி அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டே நூலாக வெளியாயிற்று.

தளபதி ஜூக்கவ் தன் நினைவுக்குறிப்புகளில் இன்னொரு ஸ்டாலினைக் காட்டுகிறார். யாகோவைப் பற்றிக் கேட்டபோது நெடுநேரம் பேசாமல் நடந்தார், அவன் பிழைத்து வர மாட்டான், சுட்டுவிடுவார்கள் என்றார், பிறகு சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார் என்கிறார். மகனைப் பற்றிய வேதனையும் கட்டளையின் மீதான கையொப்பமும் ஒரே மனிதருடையவை. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்க வேண்டியதில்லை. வேதனை அவருக்குள் இருந்தது. கட்டளை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயிற்று.

பவுலுஸின் பக்கமும் பார்க்க வேண்டும். பிடிபடுவதற்கு முந்தைய நாளான 1943 ஜனவரி 30 அன்று ஹிட்லர் அவரைப் பீல்டு மார்ஷலாக உயர்த்தினார். அதுவரை எந்த ஜெர்மன் பீல்டு மார்ஷலும் உயிரோடு சிக்கியதில்லை. உயர்வின் பொருள் தற்கொலை செய்துகொள் என்பது. பவுலுஸ் அப்படிச் செய்யாததை அறிந்து ஹிட்லர் கொதித்துப் பேசியது சுருக்கெழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஆக, ஒருவரையொருவர் அழிக்கப் புறப்பட்ட இரு ஆட்சிகளும் தத்தம் சிப்பாயிடம் கேட்டது ஒன்றைத்தான்: அகப்படுவதைவிடச் செத்துப்போ. பவுலுஸ் சாக மறுத்தார். 1953இல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பி, 1957இல் டிரெஸ்டனில் இயற்கையாக இறந்தார்.

பிறகு

போர் முடிந்ததும் ஹிம்லரின் கடிதம் உள்ளிட்ட தாள்கள் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் கையில் கிடைத்தன. ஸ்டாலினிடம் கொடுக்கலாமா என்று 1945 ஜூலையில் யோசித்தார்கள். சாவுக்கு முன் பிரிட்டிஷ் கைதிகளோடு நடந்த சண்டையை நினைவுபடுத்துவது நாகரிகமாக இராது என்று பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் கைவிடச் சொன்னது. கோப்பு அலமாரிக்குப் போயிற்று. ஆனால் சாக்சன்ஹவுசன் தலைவராக இருந்த அன்டோன் கய்ண்டல் சோவியத் கையில் சிக்கினார். 1946இல் அவரை விசாரித்து, நடந்ததை மாஸ்கோவுக்கு எழுதியனுப்பினார்கள். அமெரிக்கரிடமிருந்த தாள்களின் படிகள் 2003இல்தான் மகள் கலினாவிடம் வந்துசேர்ந்தன. தந்தை பிடிபடவே இல்லை, போரில் செத்தார், படங்கள் ஜோடனை என்று நெடுங்காலம் நம்பியவர் அவர்.

அந்த நம்பிக்கையை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2013இல் ஜெர்மனியின் ஸ்பீகல் இதழ், ரஷ்ய ராணுவ ஆவணங்களைக் காட்டி, யாகோவ் தானே விரும்பிச் சரணடைந்திருக்கலாம் என்று எழுதியது. மறுப்புகள் வந்தன. வலியப் போனாரா, பிடிபட்டாரா என்பதே இன்றுவரை அவரைப் பற்றிய முதன்மைக் கேள்வியாக இருக்கிறது. இது யாருடைய கேள்வி? கட்டளை எண் 270இன் கேள்வி. எரிபொருளும் விமானமும் இல்லாமல் ஒரு டிவிஷனை நெருப்புக்குள் தள்ளியது யார் என்று அது கேட்காது. கையை உயர்த்தியவன் யார் என்று மட்டும் கேட்கும். மகளும் பத்திரிகையும் எதிரெதிரே நின்று வாதிட்டாலும், பிடிபட்டது இழுக்கு என்ற இடத்தில் இருவரும் ஒன்றுபட்டுவிடுகிறார்கள். ஏரிக்கரையில் களைத்து உட்கார்ந்தவர் எழுந்து எந்தத் திசையில் நடந்தார் என்பது, அவருக்கு அவர் நாடு பட்டிருந்த கடனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

உயிரோடு திரும்பிய லட்சக்கணக்கான வீரர்களையும் அந்தக் கேள்விதான் எல்லையில் எதிர்கொண்டது. வடிகட்டும் முகாம்களில் ஒவ்வொருவரும் எப்படிப் பிடிபட்டாய், ஏன் சாகவில்லை என்று விசாரிக்கப்பட்டார்கள். பலர் வீட்டுக்குப் போனார்கள். பலர் கட்டாய வேலைப் படைகளுக்கும் சிலர் குலாக் முகாம்களுக்கும் போனார்கள். வீட்டுக்குப் போனவர்களும் வேலைக்கான படிவத்தில் சிறைப்பட்டதுண்டா என்ற வரியைப் பல ஆண்டு நிரப்பினார்கள். கட்டளையில் பெயர் சொல்லப்பட்ட பொனெதேலினும் கிரில்லவும் நாலாண்டு ஜெர்மன் சிறையிலிருந்து பிழைத்து வந்து, ஐந்தாண்டு சோவியத் சிறையில் இருந்து, 1950 ஆகஸ்டில் சுடப்பட்டார்கள்.

1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் சோவியத் ஒன்றியம் கையொப்பமிட்டது. முன்னாள் கைதிகள் மீதான பாகுபாட்டைக் கண்டிக்கும் தீர்மானம் 1956 ஜூன் 29இல் வந்தது. யாகோவுக்கு 1977இல், இறந்து 34 ஆண்டு கழித்து, தேசபக்தப் போர் விருதின் முதல் வகுப்பு கொடுக்கப்பட்டது. அந்த ஆணை வெளியே அறிவிக்கப்படவில்லை. சாதாரணக் கைதிகளுக்குப் போர்வீரருக்குரிய முழு உரிமையும் திரும்பக் கிடைத்தது 1995 ஜனவரியில், யெல்ட்சினின் ஆணையால்.

ஜெர்மன் நாடாளுமன்றம் 2015 மே மாதம், சோவியத் போர்க்கைதிகள் அனுபவித்த கொடுமையை ஏற்று 1 கோடி யூரோ ஒதுக்கியது. ஆளுக்கு 2,500 யூரோ. உயிரோடு இருந்தவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அப்போது அவர்களில் மிக இளையவருக்கும் வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது.